லேர முடித்தபின் பட்டப்படிப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி எட்டாமல் கம்பஸ் தவறியவர்களே தொழில்நுட்பக் கல்லூரிக்கோ கராஜுக்கோ போவார்கள் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதே எண்ணத்துடன் சுவிற்சர்லாந்தில் வந்திறங்கும் இளைஞர், ‘லேர’ எனப்படும் தொழிற்பயிற்சியைப் படிப்பு முடிந்துபோனதன் அடையாளமாகவே பார்க்கிறார். இந்நாட்டிலோ கட்டாயக் கல்வியை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வழியைத்தான் எடுக்கிறார்கள்; பொறியியல் பட்டம் வரை அது நீளக்கூடியது.

லேர மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நீடிக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்தில் சம்பளத்துடன் வேலை, ஓரிரு நாட்கள் தொழிற்பாடசாலை. மின் நிறுவுநருக்கான பயிற்சி நான்கு ஆண்டுகள், சமையற்காரருக்கானது மூன்று ஆண்டுகள். இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தால் கூட்டரசின் தகைமைச் சான்றிதழான ஈ.எஃப்.செற் கிடைக்கும். இரண்டாண்டுப் பயிற்சியான ஈ.பி.ஆ.வில் தொடங்கியவர்களும் அதை முடித்தபின் ஈ.எஃப்.செற்றுக்கு ஏறலாம்.

பட்டத்துக்கான திறவுகோல் 1990களின் நடுப்பகுதியில் அறிமுகமான பெரூஃப்ஸ்மத்தூர என்னும் தொழில்சார் உயர்தரச் சான்றிதழ். லேரயுடன் சேர்த்தே அதைப் படிக்கலாம்; லேர முடிந்தபின் ஓராண்டு முழுநேரமாகவோ அதைவிட நீண்ட காலம் பகுதிநேரமாகவோ படிக்கலாம். அது கையில் இருந்தால், கற்ற தொழிலோடு தொடர்புள்ள இளமாணிப் பட்டப்படிப்புக்கு ஃபாக்ஹோக்‌ஷூல என்னும் பிரயோக அறிவியல் பல்கலைக்கழகம் நுழைவுப் பரீட்சையின்றிச் சேர்த்துக்கொள்ளும். வின்ரத்தூரிலும் லுசேர்ண் அருகே ஹோர்விலும் பேர்ண் மாநிலத்திலும் இத்தகைய பல்கலைக்கழகங்கள் உள்ளன. 180 கற்றல் புள்ளிகளை (கிரெடிட்) கொண்ட இப்பட்டத்தை மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் மேல்நிலைப் பாடசாலையான கிம்னாசியத்தில் படித்து வந்த மாணவர் இதே இடத்துக்கு விண்ணப்பித்தால், முதலில் ஓராண்டு தொழில் அனுபவம் பெற்றுவரும்படி கேட்கப்படுகிறார் என்பதை ஊரிலுள்ள பெற்றோருக்கு விளக்கிச் சொல்வது நல்லது. கைத்தொழில் இங்கே எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இந்தப் பாதையின் கடினமான பகுதி மொழி. வேலைத்தளத்தில் காதில் விழும் சுவிஸ் ஜெர்மனைப் பிடித்துக்கொண்டவர்களும் தொழிற்பாடசாலையின் எழுத்து ஜெர்மனில் தடுமாறுவதுண்டு. பெரூஃப்ஸ்மத்தூரவில் கணிதத்துடன் ஆங்கிலமும் இரண்டாவது தேசிய மொழியும் (சூரிச் போன்ற இடங்களில் அது பிரெஞ்சு) பாடங்களாக வருகின்றன. யாழ்ப்பாணத்தில் கற்ற கணிதமும் ஆங்கிலமும் கைகொடுக்கும். பிரெஞ்சைப் புதிதாகத்தான் தொடங்கவேண்டும். ஆகவே லேரயின் முதலாண்டிலேயே அதற்கு மாலை வகுப்பொன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை பணம். பயணத்துக்கு வாங்கிய கடனும் வீட்டுக்கு அனுப்பவேண்டிய தொகையும் கழுத்தை நெரிக்கும்போது, சில நூறு பிராங்கில் தொடங்கும் லேரச் சம்பளத்தைவிட உணவகச் சமையலறையின் முழுச் சம்பளம் பெரிதாகத் தெரிவது இயல்பு, அந்தத் தெரிவை எவரும் குறைசொல்ல முடியாது. ஆயினும் தகைமைச் சான்றிதழ் இல்லாதவரின் சம்பளம் விரைவில் உயராமல் நின்றுவிடும். உடல் தளரும் வயதில் வேறு தொழிலுக்கு மாறுவதும் அவருக்கு எளிதாகாது. இருபதுகளில் இருப்பவர்கள் கடன் கொடுத்தவருடன் பேசி, தவணையை நீட்டியாவது லேரயில் சேரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. படிப்புதவிப் பணம் பற்றி உங்கள் மாநில அலுவலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலமும் வதிவிட அனுமதிக்கு ஏற்பவும் மாறுகின்றன.

முப்பதைத் தாண்டியவர்களுக்கும் வழி உண்டு. குறைந்தது ஐந்தாண்டுத் தொழில் அனுபவம் உள்ள வளர்ந்தவர்கள், தொழிற்கல்வி ஒழுங்குவிதியின் 32ஆம் பிரிவின்கீழ், லேர ஒப்பந்தம் இல்லாமலே இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற மாநிலத்திடம் அனுமதி கேட்கலாம். அதன்பின் பட்டம் வரை போக விருப்பமில்லையெனில், பெரூஃப்ஸ்மத்தூர தேவைப்படாத உயர் தொழிற்பாடசாலையில் சேர்ந்து தொழில்நுட்பவியலாளர் டிப்ளோமா பெறலாம். குடும்பப் பொறுப்புள்ளவர்களுக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது.

ஊரில் பெற்ற சான்றிதழ்களைக் கைவிட்டுவிடாதீர்கள். இலங்கையின் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) கட்டமைப்பில் ஏழு மட்டங்கள் உள்ளன: நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். தொழில்நுட்பக் கல்லூரியிலோ பயிலுநர் பயிற்சியிலோ பெற்ற என்.வி.கியூ. சான்றிதழையும் பாடப் பெறுபேறுகளையும் பயிற்சிபெற்ற மணித்தியாலங்களைக் காட்டும் கடிதத்தையும் வீட்டிலுள்ளவர்கள் மூலம் எடுப்பித்து, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் யாழ்ப்பாணக் கொன்சியூலர் அலுவலகத்தில் உறுதிப்படுத்தி, ஜெர்மனில் மொழிபெயர்ப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். கராஜிலோ வயறிங் வேலையிலோ நின்றவர்கள் முதலாளியிடம் திகதியும் செய்த வேலைகளும் விவரமாக எழுதிய கடிதம் ஒன்று கேட்டு வாங்கவேண்டும். 32ஆம் பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போது அது பயன்படும்.

முதல் அடியாக, உங்கள் மாநிலத்தின் பிஸ் எனப்படும் தொழில் தகவல் நிலையத்தில் ஆலோசகருடன் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அகதி அந்தஸ்தோ தற்காலிக அனுமதியோ பெற்றவர்கள், 2018இல் ஆரம்பிக்கப்பட்ட ஓராண்டு ஒருங்கிணைப்பு முன்பயிற்சி பற்றியும் அங்கே கேட்கவேண்டும். அடுத்து, விரும்பும் தொழிலில் ‘ஷ்னுப்பர்லேர’ என்னும் சில நாள் பரீட்சார்த்த வேலைக்கு இரண்டு மூன்று நிறுவனங்களிலாவது விண்ணப்பியுங்கள். லேர இடங்கள் பெரும்பாலும் ஓகஸ்ட்டில் தொடங்குவதாலும், பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே ஆளைத் தெரிவுசெய்துவிடுவதாலும், இந்தத் தேடலை முந்திய கோடையிலேயே ஆரம்பித்துவிடவேண்டும்.