சாப்பிட்டது வயிற்றிலேயே தங்குகிறதா?

நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். மதியம் சாப்பிட்ட கீரை ராத்திரி வாந்தியில் அப்படியே வரும். அம்மாவுக்கு இப்படி இருந்தபோது, வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது கேஸ்ட்ரோபரேசிஸ். நாள்பட்ட சர்க்கரை நோயால் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு பழுதானால், இரைப்பை உணவைக் குடலுக்குத் தள்ளும் வேகம் குறைந்துவிடும்.

சர்க்கரைக்காரர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் "நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்கள்" என்பது இங்கே பொருந்தாது. கீரைத் தண்டு, முருங்கைக்காய், ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், கொழுப்பு இரைப்பையை இன்னும் மந்தமாக்கும். குழைய வேகவைத்த ரசம் சாதம், இட்லி, வடிகட்டிய சூப் என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். திட உணவு இறங்காத நாளில்கூட நீராகாரம் ஓரளவு இறங்கும். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது போகட்டும். கூடத்திலேயே மெதுவாக நடந்தாலும் சரி.

அப்புறம், இன்சுலின் போடுபவர்கள் கவனம்! மருந்து வேலை செய்யத் தொடங்கியும் உணவு குடலுக்குப் போயிருக்காது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஊசி போடும் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைட் ஊசியும் இரைப்பையை மந்தமாக்கும், அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.