பதினான்காவது மாடியில் மூன்று மூட்டை பொன்னி: வீவக வீட்டில் அவசரகாலக் கையிருப்பு வைப்பது எப்படி

ஒரு சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மின்சாரம் போனது. முக்கால் மணி நேரம்தான். அதற்குள் என் வீட்டு லட்சணம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. டார்ச் விளக்கைத் திறந்தால் பேட்டரி கசிந்து உப்புப் பூத்துக் கிடந்தது. கைத்தொலைபேசியில் பதினொரு விழுக்காடு மின்னூட்டம். கோயிலுக்குப் போய்த் திரும்பிய மாமியார் கீழ்த்தளத்தில் மின்தூக்கி முன் நின்றுகொண்டிருந்தார். முட்டிவலிக்காரர். நாங்கள் இருப்பது பதினான்காவது மாடி.

மெழுகுவத்தி தேடி வீட்டின் பாதுகாப்பு அறைக்குள் நுழைந்தேன். குண்டுவீச்சு வந்தால் ஒதுங்குவதற்காகக் கட்டியது. நாம் எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லிவிட்டுச் சாமான் அடைத்து வைக்கிறோமே, அதே அறைதான். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சுவரில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. அரிசி வண்டு. வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

அந்த அரிசிக்கு ஒரு கதை உண்டு. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செய்தியைப் பாதி படித்துவிட்டு ஓடிப்போய் ஐந்து கிலோ பொன்னிப் புழுங்கல் நான்கு மூட்டை வாங்கி வந்தேன். தடை பச்சரிசிக்குத்தான். புழுங்கலுக்கு அடுத்த மாதம் 20 விழுக்காடு வரி மட்டும் போட்டார்கள். இங்கு அரிசி இறக்குமதி செய்பவர்கள், மாதந்தோறும் கொண்டுவரும் அளவைப்போல் இரு மடங்கை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்க விதியே இருக்கிறது. கடையில் அரிசி தீரவே இல்லை. என் வீட்டில்தான் வீணாய்ப் போனது.

அதன்பின் ஓராண்டாகச் செய்து, தவறி, மறுபடி செய்து ஒரு முறைக்கு வந்திருக்கிறேன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

படி 1: அறையைக் காலி செய்யுங்கள்

பழைய சூட்கேஸ், உடைந்த மின்விசிறி, தீபாவளி விளக்குச் சரம் எல்லாம் வெளியே. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில்தான் இந்த அறை இருக்கிறது. பழைய வீடு என்றால் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு போதும். இரும்புக் கதவைக் கழற்றவோ, காற்றுத் துளைகளை அடைக்கவோ கூடாது. சுவரில் ஆணி அடிக்கும் யோசனையையும் விடுங்கள். தானாக நிற்கும் இரும்பு அலமாரி ஒன்று வாங்கிப் போடுங்கள். நகர்த்தித் துடைக்கலாம், வண்டு வந்தால் கண்ணில் படும்.

படி 2: தண்ணீர்

குடிக்கவும் சிறிது சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர். ஒன்றரை லிட்டர் போத்தல் பன்னிரண்டு கொண்ட பெட்டி இரண்டு வாங்கினால் கணக்குச் சரியாக வரும். அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்து நான் ஒரு தட்டை வளைத்துவிட்டேன்.

இது எதற்கு, குழாயில்தான் வருகிறதே என்று கேட்டேன். மாமியார் சிரித்தார். 1963-ல் இங்கே தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது அவருக்குப் பத்து வயது. ஏறத்தாழ பத்து மாதங்கள், குறித்த நேரத்தில் மட்டும் குழாயில் தண்ணீர். வீட்டிலிருந்த அண்டா, குண்டான், பால் டின் எல்லாவற்றையும் வரிசையில் வைத்துவிட்டுக் காவலுக்கு நிற்பது அவர் வேலை. இன்றும் அவர் குளியலறையில் ஒரு வாளி நிரம்பியே இருக்கும். அதைப் பார்த்து நான் முணுமுணுத்ததுண்டு. மேல்மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றுவதும் மின்சாரம்தான் என்பது உறைத்த பிறகு, மூடி போட்ட இன்னொரு வாளியை நானே வாங்கி வைத்தேன். கழிவறைக்கு ஆகும்.

படி 3: அரிசி

இங்குதான் நான் இரண்டு முறை சறுக்கினேன். பொறுமையாகப் படியுங்கள்.

வண்டு வெளியிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பெண் வண்டு அரிசி மணியில் துளையிட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே வளர்கிறது. கடையிலிருந்து வரும்போதே முட்டை உள்ளே இருக்கலாம். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஒரு மாதம் சென்றால் அது வண்டாகிவிடும். சலித்தாலும் புடைத்தாலும் கண்ணுக்குத் தெரிந்த வண்டு மட்டும்தான் போகும்.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், கிராம்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். புதிதாக வரும் வண்டு ஒருவேளை அஞ்சி ஓடலாம். மணிக்குள் இருப்பதை அவை ஒன்றும் செய்வதில்லை. மாமியார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் டப்பாவில் வேப்பிலை இருந்துகொண்டே இருக்கிறது.

எனக்குப் பலித்தது உறைபெட்டி. ஐந்து கிலோவும் ஒன்றாக உள்ளே போகாது. ஒரு கிலோ வீதம் தடித்த ஜிப் பைகளில் பிரித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, இரண்டிரண்டாக வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள். முட்டையும் புழுவும் செத்துவிடும்.

அடுத்துச் சொல்வதுதான் முக்கியம். பையை வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள்! முதல் தடவை நான் எடுத்த கையோடு பிரித்து டப்பாவில் கொட்டினேன். சில்லென்றிருந்த அரிசியில் காற்றின் ஈரம் படிந்தது. ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே வேலைதான் மணிக்கு மணி நடந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஈரத்துணி வாடை, அடியில் அரிசி கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. நான்கு கிலோ குப்பைக்குப் போனது.

ஆகவே, உறைபெட்டியிலிருந்து எடுத்த பையை மூடியபடியே ஒரு முழு நாள் மேசையில் விடுங்கள். வியர்வை பையின் வெளிப்புறத்தில்தான் படியும். துணியால் துடையுங்கள். கையால் தொட்டால் குளிர்ச்சியே தெரியக்கூடாது. அதன் பிறகு டப்பாவில் போடுங்கள்.

டப்பா விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இருபது கிலோ பிடிக்கும் பெரிய டிரம் வாங்காதீர்கள். ஒரு மூலையில் வண்டு வந்தால் இருபது கிலோவும் போச்சு. ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள இரண்டு கிலோ டப்பாக்கள் பல வாங்குங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பாத்திரக் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கும்.

அளவு: எங்கள் வீட்டில் ஐந்து கிலோ பத்து, பன்னிரண்டு நாள் வரும். ஒரு மூட்டை பயன்பாட்டில், இரண்டு மூட்டை இருப்பில். ஒன்று தீர்ந்தால் ஒன்று வாங்குவோம், அவ்வளவுதான். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது என்பதற்காக நாம் ஆறு மாத அரிசியை அடுக்க வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி 7 அன்று கொரோனாவுக்காக நோய்ப்பரவல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தியபோது கடைத்தட்டுகள் காலியானதை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு வீட்டில் இரண்டு வார அரிசி வைத்திருந்தவர் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அது போதும்.

இன்னொன்று. டப்பாவில் தேதி எழுதுவதால் மட்டும் பழையது முதலில் தீராது. மாமியார் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார். எனவே புதியதைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னே இழுத்து வைப்பது என் வேலை.

படி 4: அடுப்பு எரியாவிட்டால்?

அரிசி இருந்தும் மின்சாரக் குக்கர் ஓடாவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வேறு. மேசையில் வைத்து எரிக்கும் கையடக்க எரிவாயு அடுப்பு ஒன்று இருக்கிறது. சன்னலைத் திறந்துவைத்துத்தான் பற்றவைப்போம், பாதுகாப்பு அறைக்குள் ஒருபோதும் இல்லை.

ஆனால் அடுப்பே வேண்டாத சாப்பாடு நம் சமையலில் ஏராளம். கெட்டி அவலைக் கழுவிக் கால் மணி நேரம் ஊறவைத்து, உப்பும் ஊறுகாயும் சேர்த்தால் ஒரு வேளை ஆகிவிடும். வெல்லம் போட்டால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், வறுத்து அரைத்த சத்துமாவு, பால்மாவு, டின்னில் அடைத்த சார்டின், பிஸ்கட். பிறர் பட்டியலைப் பார்த்து வாங்கிய டின் பீன்ஸ் எங்கள் வீட்டில் இன்னும் திறக்கப்படவே இல்லை. சாதாரண நாளில் சாப்பிடாததை இருட்டில் யார் சாப்பிடப் போகிறார்கள்? ரவையை லேசாக வறுத்து ஆறவைத்து மூடினால் புழு வராது. இது உங்கள் அம்மாவுக்கே தெரியும்.

படி 5: வெளிச்சமும் வானொலியும்

மெழுகுவத்தி வேண்டாம். திரைச்சீலை, பூனை, பேரப்பிள்ளை, எதுவாவது ஒன்று அதன்மேல் விழும். தலையில் மாட்டும் டார்ச் விளக்கு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பேட்டரியை விளக்கினுள் போட்டு வைக்காமல், ரப்பர் பட்டையால் விளக்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். விளக்கு, வானொலி, கதவுப் பூட்டு எல்லாம் ஒரே அளவு பேட்டரியில் ஓடுமாறு வாங்கினால் தலைவலி குறையும்.

வானொலி பழங்காலப் பொருள் என்று என் மகன் கேலி செய்தான். வீட்டு இணைய மோடம் மின்சாரத்தோடு செத்துவிட்டதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டான். முக்கியத் தகவலுக்கான அபாயச் சங்கு ஒலித்தால் வானொலியையோ தொலைக்காட்சியையோதான் போட வேண்டும். மாமியாருக்கு ஒலி 96.8 இருந்தால் போதும், மற்ற நேரத்தில் பாட்டும் ஓடும்.

படி 6: பை

அவசரமாக வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் தூக்கிக்கொண்டு போகும் பை இது. அதில் என்னென்ன வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படையின் கையேட்டில் தெளிவாக இருக்கிறது, தமிழிலும் உண்டு. அதையே பின்பற்றுங்கள். நான் கூட்டியவை இரண்டு. முதலாவது ரொக்கம். கைத்தொலைபேசியைக் காட்டிப் பணம் கட்டிப் பழகிய கைகள் நமக்கு. இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்களாக 200 வெள்ளி. ஐம்பது வெள்ளித் தாள் வைத்தால் சில்லறை கிடைக்காது. இரண்டாவது, மாமியாரின் மருந்துச் சீட்டு நகலும் ஒரு வார மாத்திரையும். 2013 ஜூன் புகைமூட்டத்தில் முகக்கவசத்துக்கு அலைந்தவர்கள் என்95 வைக்க மறக்கமாட்டார்கள்.

படி 7: ஒத்திகை

ஒரு சனிக்கிழமை மாலை ஏழு முதல் பத்து வரை முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு இருந்து பாருங்கள். நாங்கள் பிப்ரவரி 15-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறோம். 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள். அதன் நினைவாக இங்கே அது முழுமைத் தற்காப்பு நாள். மாலை 6.20-க்குச் சங்கு ஒலிக்கும், மறக்கவே முடியாது.

முதல் ஒத்திகையில் தெரிந்தவை: பவர் பேங்க் எட்டு மாதம் கிடந்ததில் பாதி காலி. அதற்கான கம்பியை மகன் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தான். மாமியாருக்குத் தலைவிளக்கின் பொத்தானை அழுத்த விரலில் பலமில்லை. அவருக்கு மட்டும் தள்ளும் சுவிட்ச் உள்ள விளக்கு வாங்கினோம். மின்தூக்கி நின்றால் அவர் மேலே ஏற முயலாமல், மூன்றாம் மாடித் தோழி வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பேசி வைத்தோம். தோழி, "பேச ஆள் கிடைத்தால் சரி, தினமும் மின்சாரம் போகட்டும்" என்றாராம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலினை என்ன செய்வது என்று கேட்டிருந்தார், நான் யோசிக்கவே இல்லை. மின்சாரம் போனால் குளிர்பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள்கூடத் தாங்கும். இன்சுலினை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கவே கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். உங்கள் மருந்து வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்று மருந்தாளரிடம் கேட்டுப் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.

மின்னணுக் கதவுப் பூட்டு பேட்டரி தீர்ந்து வாசலில் நின்ற கதையை இருவர் எழுதியிருந்தார்கள். எங்கள் பூட்டின் அடியில் 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடித்தால் திறக்க வழி இருக்கிறது. அந்தப் பேட்டரியை நான் வாங்கி வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது அது மூன்றாம் மாடித் தோழி வீட்டில் இருக்கிறது.

இட்லி அரிசிக்கும் உறைபெட்டி முறை சரிவருமா என்ற கேள்விக்கு: வரும். போன மாதம் ஆட்டினேன், மாவு வழக்கம்போல் பொங்கி மூடியைத் தள்ளியது.