முட்டை விலை ஏறினால் எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது

விலை ஏறியதும் முட்டையை நிறுத்திவிடாதீர்கள். நாலு பேர் வீட்டில் ஆளுக்குத் தினம் ஒன்று என்றால் மாதம் 120, அதாவது நாலு அட்டை. முட்டைக்கு ஒரு ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 120 ரூபாய். நாமக்கல் கொள்முதல் விலை செய்தியில் வரும். அதன்மேல் லாரி வாடகை, உடைசல், கடை லாபம் எல்லாம் ஏறித்தான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வருகிறது. சில்லறையாக வாங்காமல் இரண்டு கடையில் அட்டை விலை கேளுங்கள்.

மாற்று தேடும்போது கிலோ விலையைப் பார்க்காதீர்கள், புரதத்தைப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை 7 ரூபாய் என்றால் 10 கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 12 ரூபாய். உரித்த மல்லாட்டை (வேர்க்கடலை) 100 கிராமில் 25 கிராம் புரதம். கிலோ 140 என்றால் 10 கிராமுக்கு 6 ரூபாய்கூட ஆகாது. கடலூர்ப் பக்கம் ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில் ஒன்றரை ரூபாய்க்கும் கீழே. மத்தி மலிவு என்று தோன்றும். கிலோ 160க்கு வாங்கினால் தலை, குடல், முள் போக 600 கிராம் தேறும். 10 கிராமுக்கு 13 ரூபாய், முட்டையைவிடக் கூடுதல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். (உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.)

ஆனால் பருப்பிலும் மல்லாட்டையிலும் வைட்டமின் பி12 இல்லை. அதனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பங்கில் கை வைக்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் காணாமல் போவது அம்மாவின் முட்டை. குறைப்பதானால் ஆண்களின் ராத்திரி டபுள் ஆம்லெட்டைக் குறையுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளி நாளில் அங்கேயே முட்டை கிடைக்கிறது. வீட்டில் சனி, ஞாயிறு கொடுத்தால் போதும்.

நாலு பேருக்கு 2 முட்டையில் பொடிமாஸ் செய்யலாம்: ஒரு பெரிய வெங்காயம், 200 கிராம் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ். கோஸில் ஈரம் இருக்கும்போதே முட்டையை ஊற்றினால் கூழாகிவிடும். மூடாமல், தீயைக் கூட்டி வதக்கி, தண்ணீர் வற்றியதும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் எண்ணெய் விட்டு முட்டையை ஊற்றுங்கள். பாதி வெந்ததும் கிளறுங்கள்.

அட்டையாக வாங்கினால் கழுவாமல், அகன்ற பக்கம் மேலே இருக்க அடுக்குங்கள். கழுவினால் ஓட்டின் மேற்பூச்சு போய் கிருமி நுழையும். ஃபிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்து வைக்காதீர்கள்; நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடு வியர்க்கும். கீறல் விழுந்ததை அன்றே நன்றாக வேகவையுங்கள்.