முக்கோணவியலில் மட்டும் விடை தப்பினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் என் மாணவிக்குக் கணித இரண்டாம் தாளின் முக்கோணவியல் என்றாலே வெறுப்பு. நிரூபணங்கள் எல்லாம் சரி. எண்ணில் வரும் விடை மட்டும் தப்பு. சைன் விதியைத் திரும்ப நடத்தினேன், கால்வட்டக் குறிகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். பலனில்லை.

அப்பாடா, கோளாறு கால்குலேட்டரில்! திரையின் மேல் விளிம்பில் பாகையைக் குறிக்கும் 'டி' இருக்க வேண்டிய இடத்தில் பொடி எழுத்தில் 'ஜி': கிரேடியன் முறை. அதில் செங்கோணம் 100. 30 என்று அடித்தால் 27 பாகைதான். சைன் 30-க்கு 0,5 வராமல் 0,454 வரும் (இங்கே தசமத்துக்குக் கமாதான்). ரேடியன் என்ற இன்னொரு கோண அளவில் இருந்தால் −0,988 என்று உடனே காட்டிக்கொடுக்கும். இந்த 0,454 நம்பும்படி இருப்பதுதான் வம்பு.

பாகைக்குத் திரும்ப, அவளுடைய கேசியோ 82 வகைக் கால்குலேட்டரில் ஷிஃப்ட், மோட், 3. அவ்வளவுதான். இப்போது சைன் 30 அடித்துப் பார்த்துவிட்டு, முக்கோணவியலைத்தான் முதலில் எடுக்கிறாள்.