இங்கிலீஷ் வாக்கியத்துல எது மெயின் க்ளாஸ், எது சப்ஆர்டினேட் க்ளாஸ்? வெர்ப்ப வெச்சே பிடிச்சிடலாம்

பத்தாவது இங்கிலீஷ் பேப்பர்ல சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்னு மாத்தி எழுதச் சொல்ற கேள்வி வந்தா பாதிப் பேரு 'பட்'ட தூக்கிட்டு 'தோ'வ போட்டு மார்க் வாங்கிடுவாங்க, ஆனா அதுல எது மெயின் க்ளாஸ்னு கேட்டா முழிப்பாங்க. (க்ளாஸ்னா வகுப்பு இல்ல, clause: ஒரு சப்ஜெக்டும் அதோட வெர்ப்பும் சேர்ந்த வாக்கியத் துண்டு.) "தனியா நின்னா மெயின், நிக்காட்டி சப்ஆர்டினேட்"னு சொல்ற டெஃபனிஷன் தப்பு இல்ல, ஆனா எது தனியா நிக்கும்னு இங்கிலீஷ் ஏற்கனவே நல்லா வர்றவங்களுக்குத்தான் தெரியும், கத்துக்கிறவங்களுக்கு அதனால பெருசா பிரயோஜனம் இல்ல.

அதனால முதல்ல காலம் காட்டுற வெர்ப்ப தேடுங்க. "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்." இதுல 'ரீச்ட்' ஒண்ணு, 'ஹேட் லெஃப்ட்' ஒண்ணு (ரெண்டு வார்த்தையா இருந்தாலும் ஒரே வெர்ப்தான்). ரெண்டு வெர்ப், ரெண்டு சப்ஜெக்ட், அப்போ ரெண்டு க்ளாஸ். 'டு கோ', தனியா வர்ற 'கோயிங்' இதெல்லாம் காலம் காட்டாது, கணக்குல சேக்காதீங்க.

அடுத்து ஒவ்வொரு க்ளாஸுக்கும் தலைப்புல என்ன நிக்குதுன்னு பாருங்க. பிகாஸ், இஃப், வென், தோ, அன்லெஸ், அன்டில், தட், ஹூ, விச், இதுல ஒண்ணு இருந்தா அது சப்ஆர்டினேட், எதுவும் இல்லாம இருக்கிறது மெயின். ஆண்ட், பட், ஆர் இந்த லிஸ்ட்ல வராது, அதுங்க ரெண்டு மெயின் க்ளாஸ சமமா சேத்து வைக்கும், அதான் காம்பவுண்ட்.

நமக்கு இதுல குழப்பம் வர்றதுக்குக் காரணம் இருக்கு. தமிழ்ல இந்த வேலைய வினைச்சொல்லோட கடைசியே பாத்துக்கும்: மழை பேஞ்சா, பேஞ்சதால, பேஞ்சாலும். கேட்ட உடனே இன்னும் ஏதோ வரணும்னு தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல "இட் ரெய்ன்ட்", "பிகாஸ் இட் ரெய்ன்ட்" ரெண்டுலயும் வெர்ப் அப்படியே இருக்கும், முன்னாடி இருக்கிற ஒத்தை வார்த்தைதான் அடையாளம். அத கவனிக்காமத்தான் "பிகாஸ் இட் ரெய்ன்ட்"னு எழுதி ஃபுல்ஸ்டாப் வெச்சிடுறாங்க. பேச்சுல ஏன்னு கேட்டா பதிலா சொல்லலாம், லெட்டர்லயோ பரீட்சையிலயோ அது அரைகுறை வாக்கியம். "ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹானஸ்ட்"டும் இதே கதைதான், ரெண்டு க்ளாஸ சேக்க ஒரு வார்த்தை போதும், 'பட்' வேண்டாம்.

நடுவுல ஒளிஞ்சிருக்கிறதுதான் கஷ்டம். "த பாய் ஹூ டுக் மை சைக்கிள் லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்." ஹூல ஆரம்பிச்சு சைக்கிள் வரைக்கும் விரலால மறைச்சுப் பாருங்க, "த பாய் லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்", அதான் மெயின். சில நேரம் அடையாள வார்த்தையே காணாம போயிடும், "ஐ திங்க் ஹி இஸ் ஸ்லீப்பிங்"ல திங்குக்கு அப்புறம் ஒரு தட் இருக்குன்னு நாமளே வெச்சுக்கணும். பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ் வந்தா அவசரப்படாதீங்க: "பிஃபோர் த எக்ஸாம்"ல வெர்ப்பே இல்ல, அது க்ளாஸே கிடையாது, "பிஃபோர் த எக்ஸாம் பிகேன்"னா க்ளாஸ்.

இது தெரிஞ்சா ரெண்டு தப்பு தானா போயிடும். வருங்காலத்த சொல்லும்போது இஃப், வென் க்ளாஸுக்குள்ள பொதுவா வில் வராது, "இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்"தான் சரி. இன்னொண்ணு, "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி". வேர்ல ஆரம்பிக்கிறது இங்க கேள்வி இல்ல, சப்ஆர்டினேட் க்ளாஸ், அதனால சப்ஜெக்ட் முன்னாடி வரணும், "வேர் ஹி இஸ்". கமா விஷயம் சிம்பிள்: வென், இஃப் மாதிரி க்ளாஸ் முதல்ல வந்தா கமா போடுங்க, பின்னாடி வந்தா பெரும்பாலும் தேவைப்படாது.

கடைசியா ஒண்ணு போட்டுப் பாருங்க: "த டாக்டர் செட் தட் இஃப் த ஃபீவர் டிட் நாட் கம் டவுன், ஹி வுட் அட்மிட் மீ." மூணு வெர்ப், மூணு க்ளாஸ். 'ஹி வுட் அட்மிட் மீ' முன்னாடி ஒண்ணும் இல்லையே, அதானே மெயின்னு தோணும். இல்ல, அது தட்டுக்கு உள்ள இருக்கு, இஃப் க்ளாஸ் நடுவுல புகுந்ததால தட் தள்ளிப் போய் நிக்குது. மெயின் 'த டாக்டர் செட்' மட்டும்தான்.