டிராக் டே போகிறீர்களா? இடது சீட்டில் இருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்தான் டிராக் டே. மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலிருக்கும் டிராக் என்றால் கோவை செட்டிபாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வே, அதுவே 200 கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டு, திண்டுக்கல் பக்கம் எங்காவது பரோட்டாவைச் சாப்பிட்டு, விடிய விடிய ஓட்டிப் போய் அரைத் தூக்கத்தில் ஹெல்மெட் மாட்டுகிறார்கள் பாருங்கள், முதல் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முந்தின நாளே போய்ப் படுங்கள். லாட்ஜ் வாடகை பம்பர் விலையை விடக் குறைவுதான்.

அடுத்தது பிரேக் ஆயில். ரோட்டில் நன்றாகத்தானே பிடிக்கிறது என்று அப்படியே போய்விடுவார்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரைக்கும் இறங்கலாம். டிராக்கில் நாலைந்து ரவுண்டு அழுத்தி மிதித்தால் ஆயில் கொதித்துக் குமிழி வரும், பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொடும். கிளம்பும் முன்பே ஆயிலை மாற்றுங்கள், பிரேக் பேட் கனத்தையும் பாருங்கள். ஓட்டி முடித்ததும் சூடான பிரேக்கில் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். கடைசி ரவுண்டை மெதுவாகச் சுற்றி வந்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

இடது சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர் விஷயத்துக்கு வருவோம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், உங்கள் காரில் கிடையாது. அவர் கையிலிருப்பது வாய் மட்டும்தான், அதுவும் ஹெல்மெட்டுக்குள். அதனால் எந்தச் சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை பிட்டிலேயே, அதாவது டிராக்கில் இறங்கும் முன் வண்டி நிற்கும் இடத்திலேயே, பேசி முடித்துவிடுங்கள். வளைவுக்கு நடுவில் 'விடு விடு' என்று கத்தினால் பிரேக்கை விடுவதா ஆக்ஸிலேட்டரை விடுவதா என்று தெரியாமல் ஓட்டுகிற தம்பி இரண்டையும் விடுவார், பின்பக்கம் லேசாகிச் சுற்றிவிடும். நீளமான விளக்கமெல்லாம் நேர்ச்சாலையில், இல்லையென்றால் இறங்கிய பிறகு. ஓட்டுபவருக்கு ரேஸ் பெல்ட், பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பெனி பெல்ட் என்ற ஏற்பாட்டுக்கு இன்ஸ்ட்ரக்டர் ஒத்துக்கொள்ளவே கூடாது. 'அண்ணே, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று கெஞ்சினாலும், சொன்னதைக் கேட்காதவர் வண்டியிலிருந்து இறங்கிவிடுவதில் வெட்கமில்லை.

பெரிய அடி பெரும்பாலும் எப்படி விழுகிறது தெரியுமா? வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கும். அதுவரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று உள்ளே திருப்புவார், மண்ணில் பிடி இல்லாததால் கார் திரும்பாது, இன்னும் திருப்புவார், பிறகு முன் டயர் தாரைக் கவ்விய நொடியில் கார் டிராக்கின் குறுக்கே பாய்ந்து எதிர்ப்பக்கச் சுவருக்குப் போகும். பின்னால் வருபவருக்கும் ஒதுங்க வழியில்லை. இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், நாலு சக்கரமும் மண்ணுக்குப் போனாலும் போகட்டும், வேகம் குறைந்து, பின்னால் பார்த்துவிட்டு ஏறலாம். சுற்றவே ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்க மிதித்து, கார் நிற்கும் வரை விடாதீர்கள். இந்த நேரத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஸ்டீயரிங்கைப் பிடுங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது, சிவப்பு என்றால் அந்த செஷனையே நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். மீதியைக் காலை பிரீஃபிங்கில் சொல்வார்கள், அப்போது போனை நோண்டாதீர்கள். மாலை கடைசி செஷனில் ஒரு ரவுண்டை இன்னும் குறைந்த நேரத்தில் முடித்து டைம் அடிக்கும் ஆசை வரும், உடம்பும் டயரும் ஓய்ந்திருக்கும் நேரம் அது. அதே காரில்தான் ஊர் திரும்ப வேண்டும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். வழக்கமான மோட்டார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும், டிராக் டேயையும் அதில் சேர்த்து கிளெய்மை மறுக்க இடமுண்டு. பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு, பம்பரும் ரேடியேட்டரும் சொந்தச் செலவு என்று கணக்குப் போட்ட பிறகு பணம் கட்டுங்கள்.