இறையழைத்தல்: அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு வந்தால் போதும், எங்கள் பினாங்குப் பங்கில் யாராவது ஓர் இளைஞர் "அங்கிள், எனக்கு அழைப்பு வந்திருக்கு" என்று வந்து நிற்பார். குருவாகவோ துறவியாகவோ வாழ இறைவன் அழைப்பதைத்தான் இறையழைத்தல் என்கிறோம்; 1964 முதல் திருச்சபை அதற்காக மன்றாடும் நாள் அது. பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தலைமுறை இடறிய இடத்திலேயே இவர்களும் இடறுகிறார்கள். ஜெபிக்காமல் முடிவெடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

குருவின் அங்கி போட்டால்தான் அழைப்பு என்பது

இல்லை. திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் தூய வாழ்வுக்கான அழைப்பு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே சொல்லிவிட்டது.

தியானம் முடிந்த கையோடு ஊருக்கே அறிவிப்பது

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தான் ஒரு தம்பி. சில நாள் ஒதுங்கியிருந்து ஜெபிக்கும் தியானத்துக்குப் போனவன், அதன் கடைசி இரவு நற்கருணை முன் தேம்பித் தேம்பி அழுதான். திங்கட்கிழமை வேலையை விட்டான். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அவன் குருவாகப் போகிறான் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஒரே கைத்தட்டல். ஆன்ட்டிமார் பணம் வைத்த அங்பாவ் உறைகளைக் கையில் திணித்தார்கள். ஒரு பாட்டி அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவரை எந்தக் குருவிடமும் அவன் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை.

சில மாதங்களில், இது தன் வழி இல்லை என்று அவனுக்கே புரிந்தது. அது நல்லதுதான். ஆனால் கோவிலுக்கு வந்தால் வாசலிலேயே "என்னப்பா, திரும்பி வந்துட்டியா?" முதலில் கடைசி வரிசைக்குப் போனான். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டான். அவன் குருவாகாததில் எனக்கு வருத்தமில்லை. ஞாயிறு தவறாமல் வந்தவனைக் கோவிலுக்கே வரவிடாமல் செய்துவிட்டோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

தியானத்தில் ஆறுதலும் ஆர்வமும் பொங்கும்போது அவசர வாக்குறுதியோ நேர்ச்சையோ செய்யவிடாதீர்கள் என்று தியானம் கொடுப்பவர்களை இயேசு சபையை நிறுவிய இலயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருக்கிறார். விவிலியத்தில் சிறுவன் சாமுவேலை ஆண்டவர் மூன்று முறை கூப்பிட்டும், குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணி அவரிடமே ஓடினான். விஷயம் புரிந்ததும் ஏலி ஊரைக் கூட்டவில்லை. போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று அனுப்பிவைத்தார். குருக்களைப் பயிற்றுவிக்க 1808இல் பினாங்குக்கு வந்த காலேஜ் ஜெனரல் குருமடத்தில் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீள்வதும் சும்மா இல்லை. சேர்பவனைக் குருமடம் சோதித்துப் பார்க்கும், அந்த வாழ்க்கையை அவன் சோதித்துப் பார்ப்பான்.

அதனால் வேலையை விடாதீர்கள். ஒரு குருவிடம் மாதாமாதம் மனம்விட்டுப் பேசுங்கள். தெளிவு கிடைக்கும்வரை வீட்டாருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வீட்டுப் பொறுப்பிலிருந்து தப்பிக்க அழைப்பைச் சாக்காக்குவது

நற்செய்தியில், பேய் நீங்கிய கெரசேனர் (கெரசேனர் பகுதியைச் சேர்ந்தவர்) இயேசுவோடு வருவேன் என்று கெஞ்சினார். இயேசு அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

பிள்ளைக்காகத் தாய் நேர்ந்துகொள்வது

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் "என் மகனைக் குருவாக்குகிறேன்" என்று நேர்ந்துகொண்ட அம்மாக்களுக்கு: திருச்சபைச் சட்டம் 1193இன்படி நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் மகனை அல்ல.